மன்னார் வளைகுடாவும் மாமாவின் வாத்துகளும்

பழைய ரேடியோ பேட்டரிக் கட்டையை அடுப்போரம் வைத்துச் சூடேற்றினால் ஒரு வாசனை வரும். துருவும் மெழுகும் லேசாகக் கரிந்த அட்டையும் கலந்த அந்த வாசனையில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். ஏனென்றால் கட்டை சூடேறி உள்ளே போனால்தான் ரேடியோ பேசும், ரேடியோ பேசினால்தான் மன்னார் வளைகுடாவில் காற்று எப்படி அடிக்கிறது என்பது கொல்லிமலையின் ஊர்ப்பகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் குடியிருந்த எங்களுக்குத் தெரியும், அது தெரிந்தால்தான் என் மாமா அன்றைக்கு வேலைக்குப் போவதா, வீட்டில் படுத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார். இத்தனைக்கும் மாமாவோ எங்கள் வீட்டில் வேறு யாருமோ கடல் என்ற ஒன்றை அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலம் அது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்று நான் சொல்வது அம்மாவின் தம்பி வேலுச்சாமியை. எங்களோடுதான் இருந்தார். மரவள்ளிக் காடும் கொஞ்சம் மிளகுக் கொடியும் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்தவரைத் தண்ணீரில் இழுத்துவிட்டது அரசாங்கம். எங்கள் ஊர் ரோட்டுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் கரை கட்டிக் குளம் ஆக்கினார்கள். மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பொழுது போக்க வேண்டும் என்று, காலால் மிதித்து ஓட்டும் இரண்டு படகுகளையும் வாங்கி அனுப்பிவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பித் திரும்பி ஏறும்போது தார்ப்பாய்க்கு மேலே இரண்டு வெள்ளைக் கழுத்துகள் நீட்டிக்கொண்டு வந்த காட்சியைப் பார்க்கப் பள்ளிக்கூடமே வாசலுக்கு ஓடியது. படகோடு வந்த அதிகாரி அவற்றை அன்னம் என்றார். ஊரில் யாரும் அன்னத்தைப் பார்த்ததில்லை. அதனால் அவை அன்றைக்கே 'வாத்து' ஆகிவிட்டன.

வாத்துகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது கூட்டம் முழுக்கத் தரையைப் பார்த்தது. மாமா ஒரு முறை ஏற்காடு போய்ப் படகில் ஏறி இறங்கி வந்தவர், வந்த பிறகு ஒரு மாதம் அதையே பேசிக்கொண்டும் இருந்தவர். ஆகவே ஊர் அவரை முன்னால் தள்ளியது. அதிகாரி பொறுப்பை ஒப்படைக்கும்போது சில விதிகளைச் சொன்னார். குடித்தவரை ஏற்றக் கூடாது, குழந்தைகளைத் தனியே விடக் கூடாது, வானிலை எச்சரிக்கை வந்தால் படகை எடுக்கக் கூடாது, ரேடியோவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் கடற்கரை ஊருக்கு எழுதிய விதியோ, அதை அப்படியே எங்கள் குளத்துக்கும் படித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் வாயிலிருந்து வந்தால் மாமாவுக்கு அது வேதவாக்கு.

மறுநாளே ரேடியோ அவரை நேரடியாகக் கூப்பிட்டது. பாம்பன், மண்டபம், தூத்துக்குடி என்று ஊர்களைச் சொல்லி, கடல் கொந்தளிப்பாக இருக்கும், சிறு படகு வைத்திருப்போர் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று செய்தி வாசித்த பெண்மணி கனிவாகக் கேட்டுக்கொண்டார். மாமா கையில் இருந்த களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டியா கண்ணு? நம்மளத்தான் சொல்றாங்க."

நான் பள்ளிக்கூட வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, பாம்பன் எங்கே இருக்கிறது, கொல்லிமலை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். மாமா பொறுமையாகப் பார்த்தார். காற்று வரைபடம் பார்த்துக்கொண்டு வருவதில்லை என்றார். தவிர, இந்த மலையில் சிறு படகு வைத்திருப்பவர் தன்னைத் தவிர வேறு யார் என்று கேட்டார். நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க வங்கக் கடலில் புயல் ஒன்று மாற்றி ஒன்று உருவாகிக்கொண்டே இருந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று ரேடியோ சொன்னதும் மாமாவும் குளக்கரையில் நீண்ட மூங்கில் ஒன்றை நட்டு, கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற 'கொடாப்பு' ஒன்றை அதன் உச்சியில் கட்டினார். ஒன்றாம் எண் என்றால் ஒன்று, மூன்றாம் எண் என்றால் மூன்று. மூன்றாம் எண் ஏறிய நாட்களில் எங்கள் வீட்டுக் கோழிகளும் பக்கத்து இரண்டு வீட்டுக் கோழிகளும் இரவில் படுக்க இடமில்லாமல் பலா மரத்தில் ஏறிக்கொண்டன. அம்மா காலையில் மரத்தடியில் நின்று உடைந்த முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே தம்பியை வாழ்த்துவாள். அந்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது.

வெயில் காலம் வந்ததும் கடல் அடங்கியது, மாமாவின் தொழில் நடந்தது. நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் வாத்தின் வயிற்றில் உட்கார்ந்து மிதித்தார்கள். மாமா சட்டையை இன் பண்ணத் தொடங்கினார். முப்பது தாண்டியும் பெண் அமையாமல் நின்றவருக்கு அப்போதுதான் வளப்பூர் நாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் தங்கம்மா. அதற்கு முன் மாமாவைப் பார்த்துவிட்டுப் போன பெண் வீட்டார் எல்லாம், காடு குறைவு, ஆள் கறுப்பு, பேச்சு குறைவு என்று ஆளுக்கொரு குறை சொல்லிப் போனவர்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். தங்கம்மாவின் அப்பா கறாரான மனிதர். ஆடி மாதத்தில் பேச்சு வேண்டாம், ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்கு வரும்போது மாப்பிள்ளையின் தொழிலைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆவணியில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஆடியில் தென்கடலில் காற்று சும்மா இருக்காது என்பது மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். எங்களுக்கு ரேடியோ கேட்டுத்தான் தெரிந்தது. ஆடி பிறந்த நாளிலிருந்து தினமும் பலத்த காற்று, தினமும் எச்சரிக்கை. கொடாப்பு இறங்கவே இல்லை. அம்மா ஆடிப் பதினெட்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழாம் நாள் சாயங்காலம் மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து ரேடியோவைத் திறந்து கட்டைகளை உருவி, ராகிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள். சத்தம் இல்லாத ரேடியோ எச்சரிக்கை கொடுக்காது, எச்சரிக்கை இல்லாவிட்டால் படகு ஓடும், படகு ஓடினால் கல்யாணம் நடக்கும். அம்மாவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

காதர் பாயை மட்டும் அவள் மறந்துவிட்டாள். அடிவாரத்து ஊரில் கடை வைத்திருந்த பாய், திருநாள் என்றால் முதல் பஸ்ஸில் ஏறி மலைக்கு வந்துவிடுவார். பதினெட்டாம் நாள் காலையிலும் குளக்கரையில் விற்க இரண்டு மூட்டை முறுக்கும் பொரியும் கொண்டுவந்திருந்தார். ரேடியோ பேசவில்லை என்று மாமா வீதிக்கு ஓடியபோது எதிரே பாய்தான் வந்தார், அவர் பையில் புதுக் கட்டையும் இருந்தது. கட்டை கொடுத்தால் எச்சரிக்கை வரும், படகு நிற்கும், கூட்டம் கலையும், முறுக்கு நமத்துப்போகும் என்பதெல்லாம் பாய்க்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கம் கிடையாது. கட்டையைக் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புதுக் கட்டை போட்ட ரேடியோ என்றைக்கும் இல்லாத தெளிவோடு, மன்னார் வளைகுடாப் பகுதியில் பலத்த காற்று வீசும், சிறு படகுகள் செல்ல வேண்டாம் என்றது. கொடாப்பு இன்றும் இறங்காது என்று மாமா சொல்லிவிட்டார்.

அன்றைக்கென்று எங்கள் மலையில் ஒரு இலை அசையவில்லை. குளம் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. கோயிலுக்கு வந்த கூட்டம் அத்தனையும் குளக்கரைக்கு வந்து, கயிற்றில் கட்டிக் கிடந்த வாத்துகளையும் மூங்கில் உச்சியில் தொங்கிய கொடாப்பையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே வளப்பூர்க்காரர் தன் உறவுக்காரர்களோடும் மகளோடும் வந்து சேர்ந்தார். மாமா கைகட்டி நின்று, எச்சரிக்கை இருப்பதால் ஓட்ட முடியாது என்று பணிவாகச் சொன்னார். அவர் வானத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மாமாவை மேலும் கீழும் பார்த்தார். தன்னை எல்லார் முன்னாலும் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதாக அவருக்குத் தோன்றிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஒரு வாத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னும் ஆகாதுங் தம்பி. கயித்த அவுத்து உடுங்க. நான் பாத்துக்கறேன்."

மாமா ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கி, முழங்கால் ஆழத்தில் நின்று, வாத்தின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெரியவர் மிதித்தார். மாமா இழுத்தார். வாத்து முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. மத்தியானச் செய்தியில் எச்சரிக்கையை நீக்கினால் தானே ஓட்டிக் காட்டுவதாக மாமா சொல்ல, அதுவரை இறங்க மாட்டேன் என்று பெரியவர் சொல்லிவிட்டார். போகக் கிளம்பிய கூட்டமும் நின்றுவிட்டது. ஒரு வாத்து அசைவதற்காக அத்தனை ஜனம் வெயிலில் உட்கார்ந்து காத்திருந்தது. காதர் பாயின் முறுக்கு மூட்டை இரண்டும் அந்த நேரத்தில்தான் காலியாயின.

செய்தி நேரம் வந்ததும் ரேடியோவைக் கரைமேல் வைத்தார்கள். மலைக்காரர்கள் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டு, எங்கோ இருக்கிற பாம்பன் கடலில் காற்று அடங்க வேண்டும் என்று எங்கள் சாமிகளை எல்லாம் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எச்சரிக்கை தொடர்கிறது என்றது ரேடியோ. கூட்டம் ஓவென்று பெருமூச்சு விட்டது.

"பாத்தீங்களா, இவங்கூட எம் பொண்ணு என்னன்னு குடும்பம் நடத்தறது?" என்று பெரியவர் வாத்துக்குள் இருந்தபடியே உறவுக்காரர்களைக் கேட்டார். மாமாவின் முகம் வெளிறிப்போனது. சம்பந்தம் போய்விட்டது என்பது எனக்கே புரிந்தது. ஆனாலும் மாமா கழுத்தை விடவில்லை.

அப்போதுதான் தங்கம்மா கரையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் ஓரத்தில் நின்றாள். அவள் குரல் பெரிதாக இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"எறங்கி வாங்கப்பா. அண்ணன் லோடு மேல ஏறி உக்காந்தப்பவும் ஒன்னும் ஆகாதுன்னுதான சொன்னாங்க. வேண்டாம்னு சொல்ல அன்னிக்கு ஒராளு இல்லியே."

அவளுடைய அண்ணன் மலைப்பாதை வளைவில் மிளகு லாரி கவிழ்ந்து இறந்தவன் என்பது அம்மா சொல்லிப் பிறகுதான் எனக்குத் தெரியும். பெரியவர் மிதிக்கட்டையிலிருந்து காலை எடுத்தார்.  பிறகு எழுந்து, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கரையேறினார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தன்று காலை ரேடியோவை மாமா கேட்கவில்லை. அம்மா கட்டைகளை மறுபடியும் ராகிப் பானையில் போட்டிருந்தாள்.

இப்போது குளம் இருந்த இடத்தில் வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கிறது. வாத்துகளில் ஒன்று எங்கே போனதோ தெரியாது, இன்னொன்று கழுத்தில்லாமல் யார் தோட்டத்திலோ மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருப்பதாகக் கேள்வி. மழை வருமா என்று மலையிலும் எல்லாரும் கைப்பேசியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பாம்பன் கடலைப் பற்றி எங்கள் ஊரில் இன்று ஒருவருக்கும் கவலை இல்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, இத்தனை வருடம் கழித்து, மாமாவுக்கு நீச்சலே தெரியாது என்று தங்கம்மா அத்தை போகிற போக்கில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழைத் தண்ணீர் தேங்கின வயலில் இறங்கக்கூடப் பயப்படுகிற மனிதராம். பெருமைக்காகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, படகு வேண்டாம் என்று ரேடியோ சொன்ன நாளில் மட்டும்தான் நிம்மதியாகச் சாப்பிடுவாராம். மாமா வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் உங்களுக்குத் தெரியுமா என்று அத்தையைக் கேட்டேன்.

"இல்ல கண்ணு, அன்னிக்கேதான். கிட்டக்க போய்ப் பாக்கறேன், அந்த வாத்துக் கழுத்து ஆடுது. காத்து இல்ல, எங்கப்பனும் மிதிக்கல. இவரு கைதான் நடுங்குது. முழங்காத் தண்ணியிலயே நடுங்கிட்டு நின்ன மனுசன், எங்கப்பன உட மாட்டேன்னு புடிச்சுக்கிட்டு நின்னாரு. அதுக்கப்புறம் நான் வேற யாரத் தேடறது?"