ஐ-செவன் என்று ஒட்டியிருந்தது

தெமோதரைத் தோட்டத்தின் மேல்பிரிவில் அற்புதமலரை "டைப் அடிக்கிற அக்கா" என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். முப்பத்து நான்காவது வயதில் ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அடிபட்டது. அதன் பிறகு கூடை சுமக்க முடியவில்லை. கொழுந்துக்குப் போவதற்கு முன் பதுளையில் ஒரு வீட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்ததில் சிங்களம் நன்றாக வரும். அதுவே பின்னால் சோறு போட்டது. கொழும்பில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் கிராமத்து ஆட்களிடம் சிங்களத்தில் எடுத்த பேட்டிகளை ஒலிப்பதிவாக அனுப்பும். காதில் கேட்டு, தமிழில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கோயில் பாதர் கொடுத்த பழைய லெப்டொப்பில் நாலு வருடமாக அதைச் செய்துவந்தாள்.

அந்த லெப்டொப் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் செத்துப்போனது. திரை ஒருமுறை நீலமாகி அணைந்தது. பிறகு எந்தப் பொத்தானை அமத்தினாலும் ஒன்றும் இல்லை.

கொழும்பு அலுவலகத்தில் வேலையைப் பிரித்துக்கொடுக்கும் தனுஜாவுக்குப் போன் எடுத்தாள். தனுஜா கோபப்படவில்லை. "திங்கக்கிழமை பின்னேரத்துக்குள்ள மூனு பைலும் வேணும் அக்கா. ஏலாட்டி இப்பவே சொல்லுங்க, வேற ஆளுக்குக் குடுத்துர்றேன்" என்றாள்.

"இல்ல இல்ல, நான் தாறேன்" என்று சொல்லிவிட்டு அற்புதமலர் வைத்தாள். இந்த வேலை போனால் இன்னொன்று இல்லை. இடுப்பு அவளை மறுபடி மலை ஏற விடாது.

கணவன் றிச்சர்ட் வெலிமடையில் லீக்ஸ், கரட் மூட்டைகளை லொறியில் ஏற்றுகிறவன். மாதத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவான். "வீடு திருத்த வச்சிருக்கிற ஒன்னர லச்சத்த எடு. பதுளைக்குப் போயி வாங்கிரு" என்றான்.

"நீங்களும் வாங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

"சனிக்கிழம லோட் இருக்கு மலரு. நான் வந்தாலும் என்னத்தக் கேக்கப் போறேன்? ஒனக்குத் தெரிஞ்சதுல பாதி எனக்குத் தெரியாது."

தனக்கும் தெரியாது என்பதுதான் அவள் பயம். வெள்ளிக்கிழமை முழுக்க தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான தன் அறையில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ பார்த்தாள். பாதி புரியவில்லை. ஒருவர் எட்டு கோர் இல்லாமல் வாங்கவே கூடாது என்றார். இன்னொருவர் அதெல்லாம் கேம் விளையாடுகிறவர்களுக்கு என்றார். ஆறாவது, ஏழாவது வீடியோவில் ஒரு விஷயம் பிடிபட்டது. லெப்டொப்பின் மூளையான புரொசெசரில் ஐ-த்ரீ, ஐ-பைவ், ஐ-செவன் என்று முன்னால் நிற்பதை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குப் பின்னால் வருகிற எண்ணில்தான் அது எத்தனையாவது தலைமுறை என்று இருக்கிறது. பழைய ஐ-செவனை விடப் புதிய ஐ-த்ரீ வேகமாக ஓடும். எண்ணுக்குப் பின்னால் 'யூ' எழுத்து இருந்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். அதையெல்லாம் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி மடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, பதுளை பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. காசு கைப்பைக்குள் இருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி கம்பியில் சாய்ந்து நின்றாள்.

முதல் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில். கண்ணாடிக் கதவு. வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடி போய், மூன்றாவது முறைதான் கதவைத் தள்ளினாள். சட்டைக் கையை மடித்துவிட்ட ஒருவர் எழுந்து வந்தார். என்ன வேலைக்கு என்று அவர் கேட்கவே இல்லை.

"பஜெட் எவ்வளவு மிஸ்?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

"அப்ப இது உங்களுக்குன்னே வச்ச மாதிரி. ஐ-செவன். இதுக்கு மேல ஒன்னும் இல்ல. வெளிநாட்டுக் கம்பனியில பாவிச்சது, கீறல்கூட இல்ல பாருங்க." மூடியின் ஓரத்தில் ஸ்டிக்கர் பளபளத்தது. "ஐடி கார்ட் குடுங்க, வொரண்டிக்குப் பதிஞ்சுக்கிறேன்."

அவள் கொடுத்தாள். அவர் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

லாச்சி மூடிய சத்தத்தில் அவளுக்குப் பழையது நினைவுக்கு வந்தது. யுத்த காலத்தில் ஒரு சோதனைச்சாவடியில், அடையாள அட்டை இல்லாத குற்றத்துக்கு அவளுடைய அப்பா மரியநாயகத்தை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். வீட்டில் கார்ட்டைத் தகரப்பெட்டிக்குள் பூட்டித்தான் வைப்பார்கள். அதை எப்படி இவ்வளவு சுலபமாக நீட்டினோம்?

"அண்ணே, செட்டிங்ஸத் திறந்து காட்டுவீங்களா? புரொசெசர் நம்பரப் பாக்கணும்."

"ஸ்டிக்கர்லயே இருக்கே மிஸ்."

"முழு நம்பரு."

அவர் வேண்டாவெறுப்பாகத் திறந்தார். ஐ-செவன், 4600 யூ. அற்புதமலர் தாளைப் பிரிக்கத் தேவையிருக்கவில்லை. நாலில் தொடங்கினால் நாலாம் தலைமுறை. பன்னிரண்டு வருடப் பழசு. புதிய விண்டோஸுக்கு இது சரிவராது என்றும் வீடியோவில் சொன்னார்கள்.

"எனக்கு இது வேணாம். ஐடியத் தாங்க."

"பில் எழுதியாச்சு மிஸ். இப்ப வந்து வேணாங்கிறீங்க?"

பில் புத்தகம் மூடியபடிதான் இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கார்ட் லாச்சிக்குள். கார்ட் இல்லாமல் எங்கே ஓடுவது?

"ஐடியத் தாங்க" என்றாள் மறுபடியும். அவர் எதையோ பேசினார். புதுசு வாங்கினால் விலை இரட்டிப்பு என்றார், தோட்டத்து ஆட்களுக்கு இதுவே அதிகம் என்றார். அவள் காதில் பாதிதான் விழுந்தது. "ஐடியத் தாங்க." குரல் உடைந்து அழுகையாக வந்தது. ஆனாலும் மேசையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அவர் லாச்சியை இழுத்து கார்ட்டை மேசைமேல் எறிந்தார்.

படியிறங்கி வந்து ஒரு மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. எழுந்தாள்.

இரண்டாவது கடையில் இருந்தவள் றின்ஸா என்ற பெண், பச்சை ஹிஜாப். அற்புதமலர் கைப்பையைத் திறக்காமல், தூரத்திலேயே நின்றாள். பஜெட்டைச் சொல்லவில்லை.

"என்ன வேல செய்வீங்க அக்கா?" என்று றின்ஸா கேட்டாள்.

"பேட்டியக் கேட்டு டைப் பண்ணுவேன். நெட்டுல அனுப்பணும். சில நேரம் சூம்ல பேசணும்."

"கேம், வீடியோ எடிட்டிங்?"

"ஐயோ, இல்ல."

"அப்ப ஐ-செவன் என்னத்துக்கு? பன்னிரண்டாம் தலைமுற ஐ-த்ரீ போதும். ஐ-பைவ் கேட்டா நான் விப்பேன், ஆனா அந்தக் காசுக்கு ரேம எட்டு ஜீபியாக்கி, எஸ்எஸ்டி போட்டத எடுங்க. ஒங்க வேலைக்கு அதுலதான் வேகம் தெரியும்."

அவளே செட்டிங்ஸைத் திறந்து திரையைத் திருப்பினாள். 1215 யூ; புதியவற்றில் முதல் இரண்டு இலக்கமும் சேர்ந்துதான் தலைமுறை. அற்புதமலர் தாளை எடுத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டாள். றின்ஸா அவசரப்படுத்தவில்லை. ஐடி கேட்டபோது அற்புதமலர் கார்ட்டை விரலால் பிடித்தபடியே காட்டினாள். றின்ஸா அப்படியே பார்த்து எழுதிக்கொண்டாள்.

வாங்கிய பிறகும் பயம் விடவில்லை. இதுவும் ஏமாற்றாக இருந்தால்? எண்ணைக்கூட மாற்றிக் காட்டுவார்களோ? பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தெமோதரைவரை அதையே நினைத்தாள்.

அன்றிரவே மூன்று ஒலிப்பதிவுகளையும் அதில் இறக்கி, பற்றரியை நிரப்பி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பிடித்தது. பத்து மணிக்குக் கரண்ட் போனது. மத்தியானம் மண்சரிவு எச்சரிக்கை வந்து, மேல்பிரிவு ஆட்கள் எல்லாரையும் பாடசாலைக்கு இறங்கச் சொன்னார்கள். லயத்துக்குப் பின்னால் மண்திட்டில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. அற்புதமலர் லெப்டொப்பை உரப்பையில் சுற்றி, சட்டைக்குள் ஐடியைச் செருகிக்கொண்டு, நொண்டியபடி இறங்கினாள். ஒவ்வொரு அடியிலும் காலுக்குக் கீழே நிலம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.

வகுப்பறையில் நூறு பேர். குழந்தைகள் அழுதார்கள். அவள் சுவரோரம் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, இயர்போனை மாட்டினாள். பேட்டியில் யாரோ ஒரு விவசாயி வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மலை இடிகிற சத்தம் கேட்குமோ என்று ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தட்டினாள். சாயங்காலத்துக்குள் மூன்றில் இரண்டு பைல் முடிந்தபோது பற்றரியில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அணைத்து வைத்தாள். மீதியைத் திங்கட்கிழமை காலை முடித்து, கைத்தொலைபேசியோடு இணைத்து, சிக்னல் வந்துபோன நேரம் பார்த்து அனுப்பினாள்.

தனுஜாவிடமிருந்து பதில் வந்தது: "கெடச்சுது அக்கா. நீங்க எல்லாரும் பத்திரமா?"

அதைப் பார்த்த பிறகுதான் அவள் ஒருமுறை அழுதுவிட்டுச் சோறு சாப்பிட்டாள். மலை இடியவில்லை. புதன்கிழமை லயத்துக்குத் திரும்பினார்கள். வெடிப்பின் மேல் தோட்டத்து நிர்வாகம் ஒரு பொலித்தீன் விரித்திருந்தது.

இப்போது பக்கத்து லயத்து நிலுக்ஷி கம்பஸுக்கு, பல்கலைக்கழகப் படிப்புக்கு எடுபட்டிருக்கிறாள். லெப்டொப் வாங்க அற்புதமலரும் கூட வரவேண்டும் என்று அவள் அம்மா கேட்டிருக்கிறாள். அற்புதமலர் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை. தன் காசு என்றால் போனாலும் போகட்டும். இது இன்னொருத்தியின் காசு. தினமும் வேலை முடிந்ததும் புதிய வீடியோக்களைத் தேடிப் பார்க்கிறாள்.