ஓரகத்தியோடு பேசிய மொழி

முத்தியால்பேட்டையில் என் மாமியார் வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். நான் மூத்தவள். கொழுந்தனின் மனைவி என்னைவிட மிகவும் சின்னவள். கல்யாணமாகி வந்த புதிதில் காய் நறுக்கிக்கொண்டே போனைப் பார்த்து எதையோ முணுமுணுப்பாள். பாட்டு என்று நினைத்தேன். கேட்டபோது, ஒரு விண்வெளித் தொடருக்காக யாரோ உட்கார்ந்து உருவாக்கிய மொழி என்றாள். இலக்கணம், அகராதி எல்லாம் உண்டாம். செயலியில் தினமும் ஒரு பாடம் வருமாம்.

இல்லாத ஊரின் மொழியைப் படித்து யாரிடம் பேசப்போகிறாய் என்று சிரித்தேன்.

"நீங்களும் படிங்கக்கா. நம்ம ரெண்டு பேரும் பேசிக்கலாம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். அந்த மொழி பேசுகிறவர்களின் கிரகம் வறண்டதாம். ஒருவரையொருவர் பார்த்தால் தண்ணீர் கிடைத்ததா என்றுதான் விசாரிப்பார்கள். குக்கருக்கும் வஞ்சிரத்துக்கும் அதில் சொல் இல்லை. நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். மாமியாரை எதிரில் வைத்துக்கொண்டே அவர் வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்று பேசிக்கொண்டோம். அந்த மொழியில் மரியாதைப் பன்மை கிடையாது. தமிழில் வாங்க, போங்க என்பவள் அதில் என்னை 'நீ' என்பாள். கூடப்பிறந்த பெண் யாரும் இல்லாமல் வளர்ந்த எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பிடித்திருந்தது.

மாமியார் அதை பிரெஞ்சு என்று நினைத்துத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டார். பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எங்களை நிறுத்தி பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இருவரும் திருதிருவென்று விழித்தோம். மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ச் சிரித்ததில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

பிறகு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் யார் தங்குவது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்தது. அது வளர்ந்து, அப்பா சாகக் கிடந்தபோது யார் பார்த்தது என்பது வரை போனது. அடுத்த மாதமே கொழுந்தன் லாசுப்பேட்டைக்கு வீடு மாற்றிவிட்டார். சாமான் ஏற்றிய அன்று ஆண்கள் சுற்றி நின்றார்கள். அவள் "போய்ட்டு வரேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் முதலில் போன் செய்யட்டும் என்று நான் இருந்தேன். அவளும் அப்படியே இருந்திருப்பாள். பெரிய பண்டிகைகள் வந்து போயின. கொழுந்தன் எப்போதாவது வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார், தனியாக.

போன வருடம் பெரிய மார்க்கெட்டின் மீன் பக்கம் அவளைப் பார்த்தேன். ஒரு கையால் நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி சங்கரா பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கர்ப்பமாக இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அருகில் போய் அந்த மொழியிலேயே, பிரசவத்துக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். தேதிக்குச் சொல் வராமல் திக்கினேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அதெல்லாம் மறந்துபோச்சுங்க்கா" என்றாள். அத்தைக்குக் கால் வலி தேவலையா என்று தமிழில் விசாரித்தாள். தேவலை என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வெளியே கொழுந்தன் வண்டியோடு காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நிஜமாகவே மறந்தாளா என்று தெரியவில்லை. குழந்தை பிறந்ததைப் பிறகு உறவினர் மூலம் அறிந்தோம், பெண்ணாம். இணையத்தில் அந்த மொழி படிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒருமுறை அவர்கள் குழுவில் சேர்ந்து பார்த்தேன். தொடரைப் பற்றியே பேசினார்கள். நான் அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை.