பிஸ்கெட் பெட்டி திரும்பி வந்த வருஷம்

எனக்கு ஒரு எடத்துல உக்கார வராது. டைப்பிஸ்ட் வேலைக்கு இதவிடப் பொருந்தாத உடம்பு வேற கெடையாது. ஒரு பக்கம் அடிச்சு முடிச்சா எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்ட்டு வருவேன். தாகமே இருக்காது, ஆனா தண்ணிப் பானை மூடியத் தூக்கிப் பார்த்துட்டு மூடுவேன். மேனேஜர் கண்ணாடிக்கு மேல பார்ப்பார். "இன்னாம்மா, நாற்காலில முள்ளு கிள்ளு இருக்குதா?" "இருக்குது சார், நீங்க உக்காந்து பாருங்க"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன்.

ஆம்பூர்ல ஷூவுக்கும் தோலுக்கும் அட்டைப்பெட்டி செய்யற கம்பெனி அது. எழுபதுகள் முடியற நேரத்துல சேர்ந்தேன். எனக்கு முன்னாடியே எங்க அக்கா அங்க ஒட்டுற செக்‌ஷன்ல இருந்தா. வெட்டி மடிச்ச அட்டைய மாவுப் பசை போட்டு ஒட்டி அடுக்கற வேலை. பொம்பளைங்க மட்டும்தான். தரையில வரிசையா உக்காந்து, வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பேச்சு நின்னாலும் நிக்கும், கை நிக்காது.

அக்காவுக்கு அந்த வேலை சோறு மட்டும் இல்ல. அவ வீட்டுக்காரர் தவறிப்போனதும் ஒடுகத்தூர்ல மாமியார் வீட்லதான் இருந்தா. மச்சினன் குடும்பத்துக்கு ஆக்கிப்போட்டு, வேர்க்கடல உரிச்சு, ஒரு ரவிக்கத் துணிக்குக்கூட ஓரகத்தி மூஞ்சியப் பார்த்து நிக்கணும். ரெண்டு வருஷம் பொறுத்துட்டு ஒரு நாள் பையத் தூக்கிட்டு ஆம்பூர் வந்து எறங்கிட்டா. "செத்தாலும் அங்க போமாட்டேன்டீ"ன்னா. என் சம்பளம் வாடகைக்கும் அப்பாவோட ஆஸ்பத்திரி மருந்துக்கும் சரியாப் போய்டும். அக்கா வேலை இருக்கிற வரைக்கும் அவ ஆம்பூர்ல. இல்லன்னா ஒடுகத்தூர். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எங்க கம்பெனில ஒரு பழக்கம். வருஷக் கணக்கு முடிஞ்சதும் முதலாளி எல்லாரையும் வெளி முத்தத்துல நிக்கவெச்சு, இந்த வருஷம் எப்டிப் போச்சுன்னு அவரே வாயால சொல்வார். அவங்க அப்பா காலத்துலருந்து அப்டித்தான். சொல்லிட்டு ஆளுக்கொரு ஜிலேபிப் பொட்டலம் குடுப்பார். வேற எந்தக் கம்பெனில முதலாளி பசை கிண்டறவங்களுக்கெல்லாம் கணக்கு சொல்றார்? அதுக்காகவே அவர் மேல எனக்கு ஒரு மரியாதை.

அந்த வருஷம் ஜிலேபி இல்ல. தொடர்ந்து எறங்குமுகம்னு சொன்னார். ஷூ கம்பெனிங்க எல்லாம் இப்ப மெட்ராஸ்லருந்து பளபளன்னு கலர் பெட்டி வாங்கறாங்க. பேப்பர் வெல ஜாஸ்தி, ஆர்டர் கம்மி, கரண்ட்டு எப்ப வரும் எப்ப போகும்னு அதுக்கே தெரியாது. "பேஜாராப் போச்சு. உங்கள ஏமாத்தி எனக்குப் பழக்கமில்ல. இப்டியே போனா கேட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்"னார்.

அப்புறம் திட்டத்தச் சொன்னார். ரெண்டு வேளை டீ ஒரு வேளையாகும். கார்பன் பேப்பர் கிழியற வரைக்கும் ஓட்டணும். குடோன்ல பாதிய பக்கத்துல தோல் பதனிடற டேனரிக்கு வாடகைக்கு விட்டாச்சு, அவங்க தோல் கட்டு அடுக்கிக்குவாங்க. தோல்காரங்கள மட்டும் நம்பாம வெளில ஆர்டர் பிடிக்கணும். பெங்களூர்ல ஒரு பிஸ்கெட் கம்பெனி பேசிட்டிருக்குது. அது வந்தா தப்பிச்சோம். வரலன்னா மொதல்ல மூடறது ஒட்டுற செக்‌ஷன். அந்த வேலைய ஒட்டற மெஷின் வெச்சிருக்கிற வெளி ஆளுங்ககிட்ட குடுத்தா செலவு பாதி.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். அவ முதலாளியப் பார்க்கல, தன் கையில காஞ்சிருந்த பசைய நகத்தால உரிச்சிட்டிருந்தா.

அன்னிக்குலருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. பெங்களூருக்கு லெட்டர் அடிக்கறது நான்தானே. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா எழுந்து ஓடுவேன். வீட்டுக்கு வந்தா அக்கா வாசல்லயே கேப்பா, "வந்துச்சா?" "வந்தா சொல்லமாட்டனா? சும்மா நச்சரிக்காத"ன்னு எரிஞ்சு விழுவேன். அப்பா உள்ளருந்து, "ஏன் ரெண்டும் நாய் மாதிரி கொலைக்கிறீங்க?"ன்னுவார். பாவம், அவருக்குப் பாதிதான் தெரியும்.

லெட்டர் வந்துடுச்சு. மாதிரிக்கு ஒரு லாரிப் பெட்டி அனுப்பச் சொல்லி. அக்கா அந்தப் பெட்டிங்கள ஒட்டுன விதத்தப் பார்க்கணுமே! கல்யாணப் பொண்ணுக்குத் தல பின்ற மாதிரி, மூல மூலயாத் தடவி, ஒரு சொட்டு பசை வெளில வழியாம. பக்கத்துல உக்காந்தவள வேற அதட்டல். "பிஸ்கெட்டுடீ, கொழந்தைங்க திங்கறது. ஒழுங்கா ஒட்டு." லாரி கெளம்பறப்ப செக்‌ஷனே எழுந்து வந்து கேட்டுகிட்ட நின்னுச்சு. அக்கா சிலுவ போட்டுக்கிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

அந்த லாரி அப்டியே திரும்பி வந்துச்சு.

பின்னாடியே ஒரு கார்ல பிஸ்கெட் கம்பெனி ஆள் வந்தார். நல்ல மனுஷன், தமிழ் சரளமாப் பேசுனார். ஆனா எறங்குனதுலருந்து கைக்குட்டைய மூக்குலருந்து எடுக்கல. மேனேஜர், "சாருக்கு ஜலதோஷம் போல"ன்னு ஃபேன நிறுத்தினார். முதலாளி ஜன்னலச் சாத்தச் சொன்னார். விஷயம் ஒட்டுற செக்‌ஷன் வரைக்கும் போய்டுச்சு. கொஞ்ச நேரத்துல பார்த்தா, அக்கா ஆபீஸ் வாசல்ல நிக்கறா, கையில டம்ளர். கேட்டுக்கு எதிர இருக்கிற டீக்கடைல அடுப்பக் கேட்டு வாங்கி, சுக்கும் மெளகும் தட்டிப்போட்டு கருப்பட்டி காபி வெச்சுக் கொண்டாந்திருக்கா. "சூடா குடிங்க சார், மூக்கடைப்பு விட்டுடும்."

மனுஷன் டம்ளர வாங்கிக்கிட்டார். கைக்குட்டைய எடுத்துட்டு மடமடன்னு குடிச்சார், திரும்ப மூக்க மூடிக்கிட்டார். அப்புறம் ரொம்பத் தயங்கி, "எனக்குச் சளி இல்லீங்க"ன்னார். "வாசனை தாங்கல. அதச் சொல்லத்தான் வந்தேன். உங்க பெட்டி பூரா தோல் நாத்தம். பிஸ்கெட்டு அத இழுத்துக்குது. பொட்டலத்தப் பிரிச்சா செருப்பக் கடிச்ச மாதிரி இருக்குது."

"தோல் நாத்தமா?" முதலாளி ஒரு பெட்டிய எடுத்து உள்ள மூஞ்சிய விட்டு இழுத்தார். மேனேஜர்கிட்ட குடுத்தார். மேனேஜர் மோந்து பார்த்துட்டு, "பசை வாசனை சார்"னார். மெஷின்காரர், "பேப்பர் வாசனைதான்"னார். என் கைக்கு வந்துச்சு. நானும் பெட்டிக்குள்ள தலைய விட்டேன். ஒண்ணுமே இல்ல! அட்டை அட்டையாத்தான் இருந்துச்சு. அக்காவும் மோந்தா. "சுத்தமா இருக்குதே சார்"னு அவ்ளோ நம்பிக்கையாச் சொன்னா. நாங்க எல்லாரும் ஒரே குரல்ல இல்லன்றோம், அவர் ஒருத்தர் மூக்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். யாருக்குப் பைத்தியம்னு யாராலயும் சொல்ல முடியாது.

எங்களுக்கு எப்டித் தெரியும்? பொறந்ததுலருந்து அந்தக் காத்துதானே. ரயில்ல வர்ற வெளியூர்க்காரங்க வாணியம்பாடி தாண்டுனா ஜன்னலச் சாத்துவாங்க. நாங்க வீடு வந்துடுச்சுன்னு பையத் தேடுவோம். சும்மா கெடந்த குடோன்ல தோல வெச்சு, பக்கத்துல அட்டைய அடுக்குனா அட்டை அத உறிஞ்சிக்கும்னு மெட்ராஸ்காரன் ஒருத்தன் இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பான். எங்க அத்தனை பேர்ல ஒருத்தருக்குத் தோணலயே! செலவக் கம்மி பண்ணப் போய் வந்த ஆர்டருக்கு நாங்களே உலை வெச்சுட்டோம். கோவம் எனக்கு யார் மேலன்னே தெரியல. முதலாளி மேலயா, டேனரி மேலயா, என் மூக்கு மேலயா?

முதலாளி உடனே வேலையில எறங்கினார். அதுக்குக் கொற சொல்லக்கூடாது. டேனரிகிட்ட பேசித் தோல் கட்ட எல்லாம் வெளியேத்தினார். வாடகை போச்சு. குடோன் பூரா சுண்ணாம்பு அடிச்சாங்க. ஒட்டுற செக்‌ஷன் பொம்பளைங்க ஞாயித்துக்கெழம கூட வந்து தரையத் தேய்ச்சாங்க. அக்கா சர்ச்சுக்குப் போகல, வெளக்கமாறத் தூக்கிக்கிட்டுப் போனா. "கர்த்தர் கோச்சுக்கமாட்டாரு, ஓரகத்தி மூஞ்சி அவருக்கும் தெரியும்"னா. இன்னொரு லாரி போச்சு.

அந்த வாரம் பூரா நான் ஒரு லெட்டர்கூடத் தப்பில்லாம அடிக்கல. எழுந்து எழுந்து நடந்தேன். மேனேஜரும் நடந்துட்டுத்தான் இருந்தார்.

அதே ஆள் திரும்ப வந்தார். இந்தத் தடவ ஆபீஸ்ல உக்காராம ஷெட்டச் சுத்திப் பார்த்தார். ஒட்டுற வரிசை பக்கம் குனிஞ்சு நின்னார், ஒரு பெட்டிய எடுத்தார், வெச்சார். வெளில வந்து முதலாளிகிட்ட மெதுவாத்தான் சொன்னார். ஆனா டைப்ப நிறுத்திட்டா எனக்குக் காது நல்லாக் கேக்கும். "முன்னைக்கு கம்மிதான். ஆனா இருக்குது. குடோன்ல மட்டும் இல்லீங்க. காத்துல இருக்குது, தண்ணில இருக்குது. தப்பா நெனைக்காதீங்க, ஆளுங்க கை, துணி எல்லாத்துலயும் இருக்குது. இந்த ஊர்ல ஒட்டுனா எங்களுக்கு ஆகாது. வேற எடத்துல, அந்த ஊர் ஆளுங்கள வெச்சு ஒட்டினா ஆர்டர் உங்களுக்குத்தான்."

கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. நாட்றம்பள்ளிப் பக்கம் ரோட்டோரமா ஒரு ஷெட்ட முதலாளி வாடகைக்குப் பிடிச்சார். பெங்களூருக்கும் கிட்ட, லாரிச் செலவும் மிச்சம். டேனரி வாசமே இல்ல. மிச்சமிருந்த ஷூ பெட்டிங்களையும் அங்கயே ஒட்டிக்கலாம்னு ஆச்சு. பிஸ்கெட் ஆர்டர் வந்துடுச்சு, கம்பெனி பொழச்சுடுச்சு. திட்டம் ஜெயிச்சுடுச்சுன்னு மேனேஜர் எனக்குக்கூட கை குடுத்தார். எந்த ஆர்டர் வந்தா ஒட்டுற செக்‌ஷன் பொழைக்கும்னாங்களோ, அந்த ஆர்டர் வந்துதான் அத மூடுச்சு.

நான் முதலாளி ரூமுக்குள்ள கேக்காமயே போய்ட்டேன். "நாட்றம்பள்ளிக்கு பஸ் இருக்குது சார். எங்க அக்கா தெனம் போய்ட்டு வருவா. பஸ் காசு நாங்க போட்டுக்கறோம்."

அவர் என்ன நிமிர்ந்தே பார்க்கல. "ஆம்பூர்லருந்து ஆள் வேணாம்னு அவங்க கண்டிஷன்மா."

"குளிச்சுட்டு வருவா சார். அங்க போய்ச் சேலை மாத்திப்பா."

"நான் இன்னாம்மா பண்றது?"

"நம்ம ஆளுங்க நாறுதுன்னு ஒருத்தன் சொல்றான், நீங்க சரின்றீங்களா? உங்களுக்கு நாறுதா சார்? சொல்லுங்க, உங்களுக்கு நாறுதா?"

கத்திட்டேன். வெளில மெஷின் சத்தம்கூட நின்ன மாதிரி இருந்துச்சு. "எனக்கு எப்டிம்மா தெரியும்?"னார் அவர். அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. அதுக்கு மேல என்னால சண்ட போட முடியல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்தரமா இருந்துச்சு.

அக்கா வேற எடம் தேடாம இல்ல. ஷூ கம்பெனில தைக்கத் தெரிஞ்சவங்களத்தான் எடுத்தாங்க, வயசும் கேட்டாங்க. ஆஸ்பத்திரில ஆயம்மா வேலைக்கு ஆள் போதும்னுட்டாங்க. ஒடுகத்தூர்லருந்து மச்சினன் வந்து, "வாங்கண்ணி, கடல பறிக்க ஆள் கெடைக்கல"ன்னு கூப்ட்டான். அதுலயே தெரிஞ்சுடுச்சு எதுக்குக் கூப்பிடறாங்கன்னு. நான் வாணாம்னேன், இருக்கறத வெச்சுப் பார்த்துக்கலாம்னேன். "உன் தலையில உக்காந்து சாப்புட எனக்கு ஆவாதுடீ"ன்னு துணிய மடிக்க ஆரம்பிச்சுட்டா. ரெண்டு நாளா அவ குளிக்கறதுதான் வேலை. சீயக்காயா, எலுமிச்சம்பழமா, எது கெடைக்குதோ தேய்ச்சுக்கிட்டே இருந்தா.

வெள்ளிக்கெழம காலையில பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஜன்னலோரம் எடம் பிடிச்சுக் குடுத்தேன். பைய மேல வெச்சேன், எறக்கி மடியில குடுத்தேன், திரும்ப மேல வெச்சேன். "ஒரு எடத்துல நில்லுடீ"ன்னா. கண்டக்டர் ஏறிட்டார். அவ சட்டுனு ஜன்னல் கம்பி வழியா கைய நீட்டுனா, என் மூஞ்சிகிட்ட.

"உண்மையச் சொல்லு. நாறுதா?"

ரெண்டு கையாலயும் பிடிச்சு மோந்து பார்த்தேன். தோலு தேஞ்சு செவந்து கெடந்துச்சு. எலுமிச்சம்பழ வாசனைதான் வந்துச்சு. "இல்லக்கா, சத்தியமா இல்ல. எலுமிச்சம்பழம்தான் அடிக்குது"ன்னேன்.

அக்கா என்னப் பார்த்தா. கோவமா இல்ல. கைய உள்ள இழுத்துக்கிட்டா.

"நீ சொல்லி இன்னாடீ? நீயும் ஆம்பூர்தானே"ன்னா. பஸ் நகர்ந்துச்சு.