ராசிங்காபுரம் கல்

போடிமெட்டு மலையடியில், ரோட்டை ஒட்டி ஓராசிரியர் பள்ளி ஒன்று இருந்தது. எண்பத்து மூன்றில் அங்கே சத்துணவு சமைக்கச் சேர்ந்தேன். என் அடுப்படிக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். நான்காவதோடு நின்றுபோன எனக்கு அந்தத் தட்டியின் ஓட்டையே போதுமான பள்ளிக்கூடம்.

வாத்தியார் ஜக்கையனுக்கு ராசிங்காபுரம். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ கப்பலேறிப் போகிற ஊர் என்று நினைப்பீர்கள். வாரம் முழுக்க இங்கே ஓர் அறையில் தனியாகக் கிடப்பார். ஊரில் அவர் மனைவி குருவம்மாள் ஒற்றை ஆளாகத் தோட்டத்தையும், நடக்க முடியாத மாமனாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக வாத்தியார் மாறுதல் கேட்டு மனு எழுதினார். அந்த வருடம்தான் ராசிங்காபுரம் பள்ளியில் ஓர் இடம் காலியானது.

"இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. பிள்ளைக நல்லாச் சொல்லிட்டா ஊரு கெடைச்ச மாதிரிதான்" என்றார் என்னிடம்.

இடைஞ்சல் செய்தது சுவரில் தொங்கிய தேசப்படம். கேரளத்தைக் காட்டு என்றால் எந்தப் பிள்ளையும் எக்கி நின்று படத்தின் உச்சியைத் தொடும். விடிந்ததும் அப்பனும் ஆத்தாளும் ஜீப்பில் மலையேறிக் கேரளத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறார்கள், பொழுதுசாய இறங்கித் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். அப்படியிருக்க, கேரளம் உச்சியில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

"ஏ வேலுத்தாயி, கேரளா மேற்க இருக்கு. படத்துல இடது கைப் பக்கம் பாரு."

"இடது கைப் பக்கம் டீக்கடைதான சார் இருக்கு. எங்காத்தா ஏறித்தான் போகுது."

ஒரு வாரம் போராடிப் பார்த்துவிட்டு, வாத்தியார் சுண்ணாம்பு வாளியோடு முற்றத்தில் இறங்கினார். மேற்கே மலை ஏறுகிற பக்கம் கேரளம். கிழக்கே, மழைத் தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடக்கும் பள்ளம் வங்காள விரிகுடா. கொடிக்கம்பம் மெட்ராஸ். தெற்கே கோடு என் அடுப்படியில் வந்து முடிந்ததால் நான் கன்னியாகுமரி ஆனேன். இந்தியா முழுவதையும் போட இடம் போதவில்லை. டெல்லி பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குள் விழுந்தது. காவல்காரர் காசிமாயன் ஆளை உள்ளே விடவில்லை. "ஒங்க டெல்லிய வேலிக்கு அங்கிட்டே வச்சுக்கங்க" என்றுவிட்டார். அதனால் பிள்ளைகள் டெல்லியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விரலால் காட்டினார்கள்.

ஊர்களுக்குக் கல் வைத்தார். மதுரைக்கு ஒரு கூழாங்கல். ராசிங்காபுரத்துக்கு மட்டும் ஆள் உட்காரலாம் போல ஒரு பாறாங்கல். அதை உருட்டிவர நானும் ஒரு கை கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வந்ததும் சுவர்ப் படத்தைக் காட்டி, "கேரளா எங்கே?" என்றார். பயத்தில் வேலுத்தாய் பழையபடி உச்சியைத் தொட்டாள். அடுத்த பிள்ளையும் அதையே தொட்டான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். வாத்தியாரின் முகத்தில் இரண்டு பஸ்சும் கிளம்பிப் போய்விட்டது தெரிந்தது.

"சார், ஒரு நிமிசம் வெளிய வாங்க" என்றார்.

முற்றத்தில் கால் வைத்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் பறந்தார்கள். தஞ்சாவூரில் என்ன விளையும், காவிரி எங்கே கடலில் சேரும், எல்லாம் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்கள். கேரளா என்றதும் மொத்தப் பேரும் மலையைக் காட்டினார்கள். "மேற்க சார். ஏறித்தான் போகணும்."

இன்ஸ்பெக்டர் நன்றாகப் பார்ப்பதற்காகப் பின்னால் நகர்ந்தார்.

"ஐயா, கடல்ல நிக்கிறீக" என்றாள் வேலுத்தாய்.

செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவர் நாகப்பட்டினத்தில் கரையேறினார். கோபப்படவில்லை. பாறாங்கல்லைப் பார்த்து, "இது மதுரையா?" என்றார்.

"ராசிங்காபுரம் சார்" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

குறிப்பேட்டில் இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதினார் இன்ஸ்பெக்டர். வாத்தியார் மெல்ல, "சார், அந்த மாறுதல்..." என்று இழுத்தார்.

"உங்களை மாத்திட்டு இந்தத் தமிழ்நாட்டை நான் யார்கிட்ட ஒப்படைக்கிறது? இன்னும் ரெண்டு வருசம் இருங்க, ஜக்கையன்."

வாத்தியார் பல்வலிக்காரர் போலச் சிரித்துக் கும்பிட்டார்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சோற்றை அந்தப் பாறாங்கல்லில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அந்த நேரத்தில் யாராவது ரோட்டிலிருந்து, "வாத்தியார் எங்கப்பா?" என்று கேட்டால், பிள்ளைகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார்கள்:

"ஊருக்குப் போயிருக்காரு. மணியடிச்சா வந்துருவாரு."