பிணைக்கு வைத்த வீடு

பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் அன்று அப்பா இருந்தார், தபாற் கந்தோரில் வேலை செய்த என் நண்பன் இருந்தான், நான் இருந்தேன். அக்கா வரவில்லை. அவளையும் கூட்டிப் போகவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க எனக்கு மூன்று வருடப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. படிப்புச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அவர்கள் பொறுப்பு. நான் உதவி விரிவுரையாளனாக இருந்த பல்கலைக்கழகம் சம்பளத்தோடு லீவு தரும். ஆனால் நான் திரும்பி வந்து வேலை செய்வேன் என்று இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும். ஒருவர் அரசாங்க உத்தியோகத்தர், மற்றவர் வீடு வளவு உள்ளவர். நான் வராவிட்டால் சம்பளம் முழுவதையும் அவர்களிடம் அறவிடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பிணைமுறி போய்ச் சேராவிட்டால் லீவும் இல்லை, பயணமும் இல்லை. அன்று புதன்கிழமை.

நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பெரியவர், இது உங்கட வீடு இல்லையே.”

“என்ன ஐயா கதை? துறைமுகத்தில மூட்டை சுமந்து நான் கட்டின வீடு.”

“கட்டினது நீங்கள்தான். மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்திட்டீங்கள். இஞ்ச உங்கட பெருவிரல் கிடக்கு.”

“ஓம், குடுத்தனான். அதுக்கு? வீட்டுக்காரன் நான்தானே?”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். அக்காவின் கலியாணத்தோடு அப்பாவும் அம்மாவும் பின்வளவுக் கொட்டிலுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் மழைக்கு முன் கூரையேறி ஓடு மாற்றுவது அப்பாதான், வீட்டு வரி கட்டுவதும் அப்பாதான். அதனால் வீடு தன்னுடையது என்றே நினைத்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அலுமாரியில் கிடந்த அந்த உறுதியை நானும் ஒருநாள் விரித்துப் பார்த்ததில்லை.

பஸ் ஏறி எங்கள் ஊரான பாலையூற்றுக்குத் திரும்பினோம்.

அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவளை முந்திக்கொண்டு அத்தான் கேட்டார்: “அங்க ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு நிண்டிட்டா?”

“கட்டினா அவளையும் கூட்டிக்கொண்டு வரட்டும்,” என்றாள் அக்கா. “வந்து எனக்குத் தேங்காய் துருவித் தரட்டும்.”

“பகிடி விடாதை. நாளைக்கு மகளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?”

அவர்களின் மகளுக்கு அப்போது மூன்று வயது. அத்தான் கேட்டதில் பிழை இல்லை.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தாள். “எத்தினை வருசம் தம்பி?”

“மூண்டு.”

“முடிப்பியோ?”

“முடிப்பன்.”

“முடிக்க ஏலாமல் போனாலும் வரவேணும். வெறுங்கையோட வர வெக்கப்பட்டு அங்க நிக்கப்படாது. நீ வருவாய் எண்டுதான் நான் விரல் வைக்கிறன். பட்டத்துக்கு இல்லை.”

“சாட்சிக்கு நானும் வாறன்,” என்றார் அத்தான்.

வியாழன் காலை அக்கா பெருவிரல் வைத்தாள். மத்தியான ரயிலில் பிணைமுறியை நானே கொண்டு போனேன்.

மூன்று வருடத்தில் ஆய்வு முடியவில்லை. புலமைப்பரிசில் பணம் நின்றது. ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவியும், இளம் மாணவர்களுக்குச் செய்முறை காட்டியும் நாலாம் வருடத்தை ஓட்டினேன். விட்டுவிட்டு வந்திருக்கலாம், அதற்கும் அக்கா அனுமதி தந்திருந்தாள். அந்த அனுமதிதான் என்னை விடவில்லை. லீவை நீட்டப் பல்கலைக்கழகம் புதுப் பிணை கேட்டது. என்னால் கடிதம் போடத்தான் முடிந்தது. அக்கா மறுபடி போய் விரல் வைத்தாள்.

பட்டத்தோடு வந்தேன். கேட்ட வருடங்கள் முழுவதும் வேலை செய்தேன். பிணை நீங்கியது என்ற கடிதம் வந்த அன்று அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தப் பிணைக்காக எவ்வளவு செலவழித்தாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் விரல் மடக்கிக் கூட்டினாள். நொத்தாரிசுக்கு, முத்திரைக்கு, வீட்டை மதிப்பிட வந்தவருக்கு, பஸ்ஸுக்கு, இரண்டு தரமும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.