ழ-வுக்கு இசட்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தினமும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கும். திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு பெட்டி வந்து நிற்கும். ‘ஒரு புரோகிராம் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. அனுமதிக்கவா, தடுக்கவா?’ கேட்பது இங்கிலீஷில். நான் அனுமதி என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். யோசிக்காமலே அமுக்கும் அளவுக்கு விரலுக்கு அது பழகிப்போயிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். கொல்லிமலையில் எங்கள் வீட்டுக்காரருக்கு மிளகுத் தோட்டம். நான் சேலத்துக்காரி. கல்யாணமாகி மேலே வந்த பதிமூன்று வருடத்தில் நான் இறங்கியதெல்லாம் விசேஷத்துக்கும் சாவுக்கும்தான், அதுவும் அவர் கூட வந்தால். “கீழ என்ன வெச்சிருக்குது உனக்கு?” என்பார். அடிக்கிற மனுஷன் இல்லை, அதட்டக்கூட மாட்டார். கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும், ஆனால் நான் போக முடியாது. கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், வீட்டிலேயே எனக்குப் பொழுது போகட்டும் என்று.

கல்யாணத்துக்கு முன்னால் நான் டைப்ரைட்டிங் படித்தவள், ஆனால் இங்கிலீஷ் மட்டும். அதனால் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் புரோகிராம் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு ஏ, எம், எம், ஏ. ழ-வுக்கு இசட். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வாழவந்தி நாட்டிலிருந்தும் திருப்புலி நாட்டிலிருந்தும் பட்டா மனு, ரேஷன் கார்டு மனு அடிக்க ஆட்கள் வருவார்கள். நானும் ஏதோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் சேலத்திலிருந்த என் அக்கா, ஒரு அச்சகத்தில் எனக்கு டைப் அடிக்கும் வேலை பேசி வைத்தாள். என் மகளுக்கு அங்கேயே ஆறாம் வகுப்பில் இடமும் பார்த்திருந்தாள். மே மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்று நான் உறுதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எல்லாம் முடிவான பிறகுதான் வீட்டில் வாயைத் திறப்பது என்றிருந்தேன். முன்னாலேயே சொன்னால் அவ்வளவுதான், காரியம் கெட்டது. போனில் பேசவும் வழியில்லை, அது கூடத்தில் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் ஒயரைக் கழற்றி உள்ளறைக் கம்ப்யூட்டரில் செருகி அக்காவுக்கு மெயில் போடுவேன்.

அந்த நேரம் பார்த்து வைரஸ் வந்தது. மெயிலில் வந்ததோ, எவரோ கொண்டுவந்த பிளாப்பியில் வந்ததோ தெரியாது. அறுபது விநாடியில் அணையப்போகிறேன் என்று தானே எண்ணிச் சொல்லிவிட்டு அணைந்தது, சனியன். மனுவுக்காகக் காத்திருந்த தோட்டக்காரர் ஒருவர், “ஏனுங்க, மருந்து கிருந்து அடிக்கலீங்களா?” என்றார், மிளகுக்கொடியில் வாடல் விழுந்த மாதிரி. அவர் சொன்னதும் சரிதான். மருந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்த ஆன்டிவைரஸைப் போட்டேன். அது வைரஸை விட்டுவிட்டு என் தமிழ்ப் புரோகிராமைப் பிடித்துக்கொண்டது. நான் தட்டுவதைக் கவனித்தால்தானே அது தமிழாக மாற்ற முடியும்? கவனிக்கிறது என்பதற்காகவே அதைத் திருடன் என்று முடிவுகட்டி அழித்துவிட்டது. இரண்டாவது, எங்கள் வீட்டுக்காரர் நாமக்கல் கடையிலிருந்து வாங்கி வந்தது. அதைப் போட்டபின் மெஷின் திறப்பதற்குள் உலை வைத்துச் சாதம் வடித்துவிடலாம். மூன்றாவதில் ஆன்டிவைரஸோடு ஃபயர்வாலும் சேர்ந்திருந்தது. தமிழ்ப் புரோகிராமை மறுபடி போட்டபோது அதை அழிக்காமல் மஞ்சள் பெட்டியில் என்னைக் கேட்டது அதுதான். அந்த வீட்டில் என்னிடம் அனுமதி கேட்ட ஒரே ஜீவன். அதற்காகவே அதை வைத்துக்கொண்டேன்.

அவர் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் அங்கிருந்து வீட்டுக்குப் போன் போடுவார். நான் மெயிலில் இருந்தால் லைன் கிடைக்காது.

“யாருகிட்டப் பேசிட்டு இருந்த?”

“பேசலீங்க, கம்ப்யூட்டர்ல இருந்தேன்.”

“கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?”

விளக்கிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம், “பொட்டி தூசியடிச்சுக் கெடக்குது, கடையில குடுத்துத் தொடச்சுட்டு வாரேன்” என்று ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. திரும்பி வந்ததிலிருந்து மஞ்சள் பெட்டி ஒன்றுக்கு இரண்டாக வந்தது. தூசி தட்டியதில் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டுக்கும் அனுமதி கொடுத்தேன். இரண்டாவது பெட்டியில் வேறு பெயர் இருந்தது. அதை நான் படிக்கவே இல்லை.

மே மாத நடுவில் ஒருநாள் சாப்பிடும்போது, “யாரது கிஸே?” என்றார்.

“என்னங்க?”

“கிஸே. எத்தன நாளாப் பழக்கம்?”

“அதென்னங்க, சோப்பா?”

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.  அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாளும் அரை வயிற்றோடு எழுந்தார். “எம்பையன என்ன பண்ணித் தொலச்ச?” என்று மாமியார் பிடித்துக்கொண்டார். அட கடவுளே, எனக்கே தெரிந்தால்தானே சொல்ல!

மாதக் கடைசி வந்தது. அக்காவுக்கு உறுதி சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். இரண்டு பெட்டிக்கும் அனுமதி கொடுத்தேன். ‘நாங்கள் கீழே வருகிறோம்’ என்று அடிக்க வேண்டும். கீழே என்பதற்குக் கே, ஐ, இசட், ஈ என்று விரல் போனது. அதோடு நின்றேன்.

கிஸே.

முதலில் சிரிப்புத்தான் வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, நான் தட்டுவதை அவர் எப்படியோ படிக்கிறார். அணைத்துவிட்டு மறுபடி போட்டு, அந்த இரண்டாவது பெட்டியிலிருந்த பெயரைப் படித்து, அதைத் தேடிக் கண்டுபிடித்தேன். தூசி துடைக்கிற சாக்கில் கடையில் போட்டு அனுப்பிய வேவு புரோகிராம் அது. உள்ளே ஒரு ஃபைல். ஜீப்பில் போய்வந்த நாளிலிருந்து நான் தட்டியதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தாகவே அதில் கிடந்தது. ஊரார் மனு, அக்கா கடிதம், அடித்துவிட்டு வெட்கப்பட்டு அழித்த வரிகள்கூட. கீழே எப்போது, கீழே போனால்தான் எனக்கு மூச்சு, கீழே, கீழே. எட்டாவது படித்த மனுஷன் நான் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கூட்டி, பாதி புரிந்து பாதி புரியாமல், யாரோ ஒருத்தனைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அவர் வாயில் வரும் சொல்தான். கீழ போறேன், கீழருந்து வாரேன். ஒரு கணம் அவர் மேல் பரிதாபமாக இருந்தது. பரிதாபப்பட்டதற்காக என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அக்கா கடிதத்தை அப்படியே பாதியில் விட்டேன். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அவர் படிப்பதற்காக நிறுத்தி நிறுத்தி அடித்தேன். ‘கிஸே ஆள் இல்லைங்க. அது கீழே. நீங்க சந்தைக்குப் போற கீழே. எனக்கு அங்க வேலை இருக்குது, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குது. நீங்களும் கூட வாங்க.’ பக்கத்தைச் சேமிக்காமல் மூடினேன். நேருக்கு நேர் இத்தனை வார்த்தையை அவரிடம் நான் சேர்ந்தாற்போலப் பேசியதே இல்லை. இரண்டு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் மேஜை காலியாக இருந்தது. பெட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

“ரிப்பேரு. கீழ குடுத்துருக்கறேன்” என்றார். கீழ என்பதை என் முகத்தைப் பார்த்து அழுத்திச் சொன்னார்.

“எப்பங்க வரும்?”

“பாக்கலாம்.”

அன்றைக்கு ரசத்துக்கு இன்னொரு தரம் சோறு கேட்டு வாங்கி, வயிறார உண்டார். மகளிடம், “கண்ணு, அப்பளம் வேணுமா?” என்று சிரித்தார். ஆள் யாரும் இல்லை என்று தெரிந்த நிம்மதி அவருக்கு. மிச்சத்தை அவர் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. படித்திருந்தார், அதனால்தான் மேஜை காலியாக இருந்தது.

அக்கா போனில் கூப்பிட்டாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “வரலக்கா” என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஜூன் மாதம் மகளை மேலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். பாதிக் கடிதத்தோடு அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து கீழே போய்ச் சேர்ந்தது கம்ப்யூட்டர் மட்டும்தான்.