நீலத்துக்குள் ஒரு வீடு

எனக்கு எழுபத்தெட்டு வயது. கடலோர வீட்டில் ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். பேத்தியோடு திருவனந்தபுரம் வந்து, விஞ்ஞானிகள் கூட்டிய கூட்டத்தில் கடற்கரை வரைபடத்தின் முன் நிற்கிறேன்.

"கடல் இந்த நீலம் வரைக்கும் கேறி வருமாம், கேட்டோ அம்மச்சி," என்கிறாள் கூட்டத்தை நடத்தும் உள்ளூர்ப் பெண். எங்கள் தெரு முழுவதும் நீலமாக இருக்கிறது.

"புகையைக் குறைப்போம்னு நாடெல்லாம் கையெழுத்துப் போட்டாச்சே?" என்று கேட்கிறேன்.

"போட்டது சரிதான். சொன்னபடி செய்யணுமே! அந்த நாடுகளோட அடுத்த கூட்டத்துக்கு இந்தப் படத்தை அனுப்புறோம்," என்று கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டுகிறாள்.

"மையை அங்க வை. பேனா தா."

நீலத்துக்குள் என் வீட்டை வரைகிறேன். பின்னால் வரிசை காத்திருக்க, எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்: 'இங்கே ஏழு பிள்ளைகள் வளர்ந்தார்கள். நான் இன்னும் இருக்கிறேன்.'

பேத்தியைக் கிட்டே கூப்பிடுகிறேன். "மக்ளே, சத்தமா வாசி. அங்க வாசிக்கிறவங்களுக்குப் புரியுமான்னு பாப்போம்."